வடகரைக்கும் புல்வெளிக்கும் நடுவே நாற்பது நிமிடம்

இணையத்தில் எங்கள் வடகரையில் படம் போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தில் என்ன இருக்கிறது என்று கூடவே நாலு வார்த்தை எழுத வேண்டும். பார்வை இல்லாதவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய கருவி அந்த வார்த்தைகளை வாசித்துக் காட்டும். எழுதாமல் போட்டால் யாராவது வந்து கண்டித்துவிட்டுப் போவார்கள். நான் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஆனாலும் என்னை யாரும் கண்டிக்கவில்லை.

நான் தக்காளி நாற்றைப் படம் பிடித்துப் போடுவேன். கொஞ்ச நேரத்தில் கீழே வெண்டல் ஹாலிஸ்டர் எழுதியிருப்பார். "ஜன்னல் ஓரத்தில் பன்னிரண்டு தயிர்க் கிண்ணங்களில் தக்காளி நாற்று. மூன்றாவது மட்டும் சாய்ந்து நிற்கிறது." கொடியில் காயும் துணியைப் போட்டால், "ஆறு நீலச் சட்டை, காற்று மேற்கே அடிக்கிறது" என்று இருக்கும். ஒருவர் காட்டியதை இன்னொருவர் திருப்பிச் சொல்வதுதான் அங்கே மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து மாதம் இப்படிப் போனது. பிறகு நோவா ஸ்கோஷியாவிலிருந்து லோர்னா என்று ஒரு பெண், பார்வை இல்லாதவள், எனக்கு எழுதினாள்: உங்கள் தோட்டத்தை நான் வெண்டல் சொல்லித்தான் பார்க்கிறேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்றவர்கள் வந்து என்னைக் கேட்பதற்கு முன்னால் அவர் முந்திக்கொண்டு எழுதியிருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, காலையில் தனக்கு வேறு வேலை இல்லை என்று மட்டும் சொன்னார்.

அவருக்குத் தெரியும், எனக்கு எழுத்து சரளமாக வராது என்று. நான் மெக்ஸிகோவில் எங்கள் மெனனைட் கிறிஸ்தவ சபையின் குடியிருப்பில் ஆறு வருஷம் பள்ளிக்கூடம் போனவள். அங்கே ஞானோபதேசமும் சங்கீதங்களும் கூட்டல் கழித்தலும் கற்றுக்கொடுத்தார்கள், அதற்குமேல் பெண்பிள்ளைக்கு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். கர்த்தர் அதில் எனக்குக் குறை ஒன்றும் வைக்கவில்லை. பத்தொன்பது வயதில் ஒன்டாரியோவுக்கு வந்தேன். வெள்ளரிக்காய் பறித்தேன், பிறகு வீடுகள் சுத்தம் செய்யப் போனேன். வியாழக்கிழமை வெண்டல் அண்ணனுடைய வீடு.

அவர் காய்கறி டப்பாவில் அடைக்கும் ஆலையில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் பார்த்தவர். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் ஜானிஸ், தண்டர் பே என்கிற தூர ஊரில் இருக்கிறாள். வீட்டின் கீழ்த்தளத்தில், இறைச்சி வைக்கும் பெரிய ஃப்ரீசருக்குப் பக்கத்தில், ரொட்டிப் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி உறுமிக்கொண்டிருக்கும். அதுதான் வடகரை. நான் முதல்முறை அதைத் துடைக்கப் போனபோது ஓடிவந்து தடுத்தார்.

"நெத்தா, அதுக்குள்ள இருநூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க. தண்ணி படாம துடை."

பெரிய கம்பெனிகளின் இடங்களைப் போல இல்லை இது. இந்த மாதிரிச் சின்னச் சின்ன வீடுகள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உரிமையாளர், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சட்டம். ஆனாலும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்காரரைப் பின்தொடரலாம், பேசலாம். அவர் என்னைச் சேர்த்துவிட்டதே மானிடோபாவில் இருக்கும் என் தங்கை சாராவுக்காகத்தான். அவளும் வடகரைக்கு வந்தாள். வாரம் ஒரு தடவை ஃபோனில் பேசுவதோடு, தினம் அவள் வீட்டு ரொட்டியைப் பார்க்கவும் முடிந்தது.

வடகரையை வெண்டல் அண்ணன் தனியாக நடத்தவில்லை. கூட இருந்தவள் நோரீன் டக்காபெரி. சஸ்காட்சுவானில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே கிடையாது. ஒன்பது வருஷமாக இயந்திரம் அவருடையது, மனிதர்கள் அவளுடையவர்கள். யாராவது சண்டை போட்டால், யார் மேலாவது புகார் வந்தால் நோரீன்தான் பார்ப்பாள். ஒருவரிடம் பேசி ஒருவரை அடக்கி அனுப்பிவிடுவாள். இவர் அந்தப் பக்கமே போகமாட்டார். "என் பாய்லருக்குக் கோபம் வந்தா ஊசி காட்டும். மனுஷனுக்கு எங்க ஊசி இருக்கு?" என்பார்.

தினம் காலை ஐந்தரைக்கு நோரீன் பஸ்ஸைச் சூடு பண்ண வைத்துவிட்டு ஒரு வரி எழுதுவாள். மைனஸ் முப்பத்திரண்டு, காற்று இல்லை. இவர் பதிலுக்கு எங்கள் ஊர் ஏரியைப் பற்றி எழுதுவார். மைனஸ் நாலு, கரையில் பனிக்கட்டி. அதற்கு அவள், "நாலா? அதுக்கெல்லாம் கோட்டு எதுக்கு கிழவா, வெறும் பனியனோட போ" என்பாள். இவர் அவளை பஸ்ஸம்மா என்பார். நான் வியாழக்கிழமை போகும்போது அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். நானும் சிரித்துக்கொண்டே தரையைத் துடைப்பேன்.

சண்டை மென்பொருளால் வந்தது. அந்தப் பெட்டிக்குள் ஓடுவது எது என்பதில். பழையது கனமாகிவிட்டது, ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் அரை நாள் படுத்துவிடுகிறது என்று நோரீன் சொன்னாள். புதிதாக ஒன்று வந்திருக்கிறது, இலேசானது, நீளமாக எழுதலாம், தோட்டக்காரர்களுக்குத் தனிக் குழு, மீன்பிடிப்பவர்களுக்குத் தனிக் குழு வைக்கலாம் என்றாள். இவர் ஒப்பவில்லை. லோர்னா மாதிரி ஆட்களின் வாசிப்புக் கருவி பழையதில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது, வயசானவர்களுக்கு எந்தப் பட்டன் எங்கே என்று இப்போதுதான் பழகியிருக்கிறது என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அது தீரவில்லை.

மற்றவர்களுக்கு அது வியப்பாக இருந்தது, எனக்கு இல்லை. எங்கள் குடியிருப்பில் டிராக்டருக்கு இரும்புச் சக்கரமா ரப்பர்ச் சக்கரமா என்று சபையே இரண்டாகப் போயிற்று. என் பெரியப்பா ரப்பரோடு போனார். பதினொரு வருஷம் எங்கள் அப்பாவும் அவரும் ஒரே பாலாலைக்குப் பால் கொண்டுவந்து, தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்கள். இரண்டு பேரும் ஒரே ஜெபத்தைத்தான் சொன்னார்கள். சக்கரம் ஒரு காரணம். உனக்கு என் பேச்சு பெரிதில்லையா என்பதுதான் உள்ளே இருப்பது.

வாக்கெடுப்பு வைத்தார்கள். தொண்ணூற்றேழு பேர் பழையதே இருக்கட்டும் என்றார்கள், எண்பத்தெட்டு பேர் புதியது வேண்டும் என்றார்கள், மீதிப்பேர் வாயே திறக்கவில்லை. நோரீன் அந்த எண்பத்தெட்டு பேரைக் கூட்டிக்கொண்டு புல்வெளி என்று தனி வீடு கட்டினாள். சாராவும் அவளோடு போனாள். நோரீன் மரியாதையாகத்தான் விடைபெற்றாள். "பக்கத்து வீடுதான் கிழவா, காலையில குளிர் சொல்ல வருவேன்" என்று எழுதினாள். சொன்னபடி வரவும் செய்தாள்.

ஐந்து வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு புல்வெளிக்காரர் ஒருவர் வடகரையை அருங்காட்சியகம் என்று கேலி செய்தார். இங்கிருந்து ஒருவர் பதிலுக்கு அவர்களை ஓடுகாலிகள் என்றார். ஒரே நாளில் முப்பத்தொரு புகார் வந்து குவிந்தது. இவ்வளவு நாள் அதைப் பார்த்தவள் அந்தப் பக்கம் இருக்கிறாள். அன்று வியாழக்கிழமை. நான் அடுக்களையில் இருந்தேன். ஒரு மத்தியானத்துக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்காமல் செய்துவிட்டால் ஆறிப்போகும் என்று சொல்லிவிட்டு வெண்டல் அண்ணன் கீழே போனார்.

அதற்கு இரண்டு வழிகள் இருந்தனவாம், ஒரே பட்டியலில், ஒன்றன் கீழ் ஒன்றாக. ஒன்று சத்தத்தைக் குறைக்கும். மற்றது அடியோடு துண்டிக்கும். எச்சரிக்கையும் வந்ததாம். ஆனால் அந்தப் பெட்டி வேண்டியதற்கும் வேண்டாததற்கும் எச்சரித்துக்கொண்டே இருக்கும், அதனால் அவர் வாசிக்காமல் சரி என்று அழுத்திவிட்டார். நாற்பது நிமிடம் கழித்துத்தான் கவனித்து, துண்டித்ததை எடுத்துவிட்டார். மேலே ஏறி வந்தபோது அவர் முகம் சாம்பலாக இருந்தது.

நான் காபி ஊற்றி வைத்தேன். எடுக்கவில்லை. எடுத்துவிட்டீர்கள் அல்லவா, சரியாகிவிட்டது அல்லவா என்று கேட்டேன்.

"கதவைத் திறந்துட்டேன் நெத்தா. ஆனா யார் யாரைப் பின்தொடர்ந்தாங்கங்கிறது எல்லாம் அந்த நிமிஷமே அழிஞ்சுபோச்சு. மூவாயிரத்து அறுநூறு தொடர்பு. திறந்தா அது திரும்பி வராது. ஒவ்வொருத்தரா தேடிப் போய்ப் பிடிக்கணும்."

நோரீனும் அந்த மூவாயிரத்து அறுநூறில் ஒருத்தி. அவளைப் பின்தொடர உடனே கேட்டு அனுப்பினார். அவள் தன் பக்கத்தைப் பூட்டிவிட்டிருந்தாள். பார்த்துச் சம்மதித்தால்தான் உள்ளே விடும். அவர் திரையில் சின்னதாக ஒரு கடிகாரப் படம் வந்து நின்றது. காத்திருக்கவும் என்று அர்த்தம்.

மறுநாள் காலை அவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். நான் வாசித்தேன். அவ்வளவு எளிமையாக ஓர் ஆண்பிள்ளை தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. எந்தப் பட்டன், எத்தனை நிமிடம், ஏன் வாசிக்காமல் அழுத்தினார் என்று ஒன்று விடாமல் எழுதி, "இது என் தப்பு, என்னோடு நிற்கட்டும்" என்று முடித்திருந்தார். நோரீனின் பெயரை அதில் போடவில்லை. ஊர் நடுவில் அவளை இழுத்து நிறுத்தி பதில் சொல் என்று கேட்பது போல ஆகிவிடும் என்றார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அதற்குப் பிடித்திருக்கிறது என்கிற நட்சத்திரம் போட்டார்கள். நானும் போட்டேன்.

பிறகு காத்திருந்தார். குளிர்காலம் முழுக்கக் காலை ஐந்தரைக்கு எழுந்து, ஏரியின் குளிரை எழுதினார். மைனஸ் ஆறு. மைனஸ் ஒன்பது, கரையெல்லாம் உறைந்துவிட்டது. யாருக்கு என்று போடாமல் வெறுமனே எழுதினார். வியாழக்கிழமை நான் போனால் முதலில் அந்தக் கடிகாரப் படம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். இன்னொரு தடவை கேட்டு அனுப்புங்களேன் என்றால் தலையை ஆட்டுவார். ஒரு தடவைக்கு மேல் கேட்கிறவர்கள் தொந்தரவு செய்கிறவர்கள் என்று நோரீனே சட்டம் எழுதியிருந்தாள். அந்தச் சட்டத்தின்படி அவள் எத்தனையோ பேரை வெளியே அனுப்பியிருக்கிறாள். ஒரு நாள் மட்டும் சொன்னார்:

"என் வீட்டுக்காரி போனப்போகூட எனக்கு இப்படிக் காத்திருக்க வேண்டியிருக்கல. அவ திரும்பி வரமாட்டான்னு தெரியும். இவ அங்கதான் இருக்கா. தினமும் பஸ் ஓட்டுறா. என்கிட்ட மட்டும் குளிர் எவ்வளவுன்னு சொல்லமாட்டேங்கிறா."

நான் வீட்டுக்கு வந்து அவருக்காக ஜெபித்தேன். நோரீனின் மனசைக் கர்த்தர் இளக்க வேண்டும் என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இளக வேண்டிய மனசு ஒன்றும் அங்கே இருக்கவில்லை.

மார்ச் மாதம் சாராவோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன். நானும் அவளும் துண்டித்த அந்த வாரமே ஒருவரையொருவர் மறுபடி தேடிப் பிடித்துவிட்டோம். பேச்சோடு பேச்சாக, வெண்டல் அண்ணன் அத்தனை மன்னிப்புக் கேட்டும் உங்கள் ஆட்கள் இப்படி இருக்கலாமா என்று சொன்னேன்.

"எந்த மன்னிப்பு அக்கா?" என்றாள் சாரா.

நான் சொன்னேன். அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"இங்க யாரும் அப்படி ஒண்ணைப் பாக்கலையே. சொல்லாம கொள்ளாம எங்களை வெட்டி விட்டுட்டார்னுதான் நோரீன் நினைச்சுக்கிட்டிருக்கா. அதுக்கப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி பின்தொடரக் கேட்டு அனுப்பினாராம். மனுஷனுக்கு என்ன நெஞ்சழுத்தம்னு சொன்னா."

மறு வியாழக்கிழமை அதை அவரிடம் சொன்னேன். நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று எனக்கு விளக்கியபோது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரு வீட்டில் எழுதுவது இன்னொரு வீட்டுக்குத் தானாகப் போகாது. அங்கே யாராவது ஒருவர் எழுதினவரைப் பின்தொடர வேண்டும், இல்லையென்றால் எழுத்தில் அங்கே உள்ளவரின் பெயர் இருக்க வேண்டும். அவர்தான் எல்லாத் தொடர்பையும் அறுத்துவிட்டாரே. பெயரையும் மரியாதைக்காகப் போடவில்லை. அதனால் அவருடைய மன்னிப்பு அந்தக் கறுப்புப் பெட்டியைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போகவே இல்லை. ஒன்பது வருஷம் அந்த இயந்திரத்தை நடத்தியவர் அதை யோசிக்கவில்லை. அவள் வாசித்துவிட்டு மௌனமாக இருக்கிறாள் என்றே நினைத்திருந்தார்.

இன்னொரு வழியும் இருந்திருக்கிறது. சாராவோடு எனக்குத் தொடர்பு திரும்பியிருந்ததே, நான் அந்த மன்னிப்பின் கீழே இருந்த பரப்புகிற பட்டனை அழுத்தியிருந்தால் அது அவள் வழியாகப் புல்வெளிக்குப் போயிருக்கும். நான் அழுத்தவில்லை. எங்கள் சபையில் ஒருவர் எழுந்து நின்று பாவத்தை அறிக்கையிட்டால் அதை யாரும் வெளியே சுமந்துகொண்டு போகக் கூடாது. அது அங்கேயே மன்னிக்கப்பட்டு அங்கேயே முடிய வேண்டும். அந்தப் பழக்கத்தில் நட்சத்திரம் மட்டும் போட்டேன். நட்சத்திரம் எதையும் எங்கேயும் எடுத்துப் போகாது.

இப்போது அழுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நாலு மாதம் கழித்துப் போனால் அது தானாக வந்த மன்னிப்பு மாதிரி இருக்காது, யாரோ சொல்லிக்கொடுத்து வந்தது மாதிரி இருக்கும் என்றார். அவளுக்கு நேரடியாக எழுத உட்கார்ந்தார். எழுதுவார், அழிப்பார். நான் குளியலறையைக் கழுவிவிட்டு வந்தபோதும் திரை வெறுமையாகவே இருந்தது.

அந்தக் கோடையில் அவருடைய நுரையீரல் மோசமானது. பாய்லர் அறையில் முப்பத்தொரு வருஷம் இழுத்த மூச்சு. படி இறங்கிப் போய் அந்தப் பெட்டியைப் பார்ப்பதே பெரிய வேலையாகிவிட்டது. ஜானிஸ் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். வடகரையை எடுத்து நடத்த ஆள் தேடினார், கிடைக்கவில்லை. மூன்று மாதம் முன்னதாக அறிவிக்காமல் மூடக் கூடாது என்பது இவர்களுக்குள் ஒரு முறை. அதன்படி அறிவித்தார். போக நல்ல வீடுகள் என்று ஏழு பெயர் எழுதினார். முதல் பெயர் புல்வெளி. லோர்னாவின் கருவி அங்கே இப்போது நன்றாக வாசிக்கிறது, சரிபார்த்துவிட்டேன் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தார்.

எல்லாரும் போய்ச் சேரும்வரை அவர் போகவில்லை. அவர்களைப் பின்தொடர்ந்தவர்களை எல்லாம் மாற்றிக் கொடுக்க முடிந்தது. எழுதினதை மாற்ற முடியாது, அது இந்தப் பெட்டியோடு அணைந்துவிடும். ஒன்பது வருஷத்துக் குளிர், ஒன்பது வருஷத்துக் கேலி. அதைத் தன் கணினியில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் நகலில் பேசினால் யாரும் பதில் சொல்லமாட்டார்களே.

கடைசியில் அவரும் புல்வெளியில் சேர விண்ணப்பம் போட்டார். புதிதாக வருகிற யாராக இருந்தாலும் நிரப்ப வேண்டிய படிவம். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டு ஒரு கட்டம் இருந்தது. இந்த முறை அழிக்கவில்லை. எழுதிவிட்டு என்னை ஃபோனில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்.

"முன்பு பாய்லர் பார்த்தவன். இயந்திரம் தெரியும், மனிதர்களைத் தெரியாது. அதற்கு என்னோடு ஒருத்தி இருந்தாள். அவளை நாற்பது நிமிடம் தவறுதலாகத் துண்டித்துவிட்டேன். மறுநாளே மன்னிப்புக் கேட்டேன், அது உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியாது. இங்கே குளிர் பதினொன்று, மழை."

சரியாக இருக்கிறதா என்று கேட்டார். கர்த்தருக்கு முன்னால் வைக்கலாம் என்றேன். அனுப்பினார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நோரீன் அவரை உள்ளே விட்டாள். தண்டர் பேயில் மகள் வீட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஏழு வாரம் அவளோடு பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, அது இரண்டு பேருக்குள் இருந்தது. ஏழு வாரம்தான். பனி விழத் தொடங்கிய வாரத்தில் கர்த்தர் அவரை அழைத்துக்கொண்டார். சேதியை எனக்குச் சொன்னது சாராதான். நோரீன் அன்று பஸ்ஸை வேறொருவரிடம் கொடுத்துவிட்டாள் என்றாள்.

ஆனால் அவர் கிளம்பிய அன்று இதெல்லாம் தெரியாது. ஜானிஸ் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். கீழ்த்தளத்தில் உறுமல் நின்றுபோய் வீடு வேறு மாதிரி இருந்தது. வழியில் சாப்பிட எங்கள் ஊர் மாவுப் பலகாரம் ரோல்குக்கன் பொரித்து ஒரு டப்பாவில் கொடுத்தேன். ஒன்றை அப்போதே எடுத்துக் கடித்துக்கொண்டார். விண்ணப்பம் போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு பதிலும் வரவில்லை. காருக்குள் உட்கார்ந்து, ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு, ஃபோனை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்தார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று ஜன்னல் பக்கம் குனிந்தேன். அதற்குள் அவர்தான் என் கையைத் தட்டிக் கொடுத்துச் சொன்னார்:

"முகத்தை ஏன் அப்படி வச்சுக்கிற நெத்தா? ஸ்கூல் இருக்கிற நாள்ல அவ இதையெல்லாம் தொடமாட்டா. ஞாயித்துக்கிழமை காலையில காபியோட உக்காந்துதான் விண்ணப்பம் வாசிப்பா. இன்னிக்கு வியாழன்தானே."